காட்சி பங்களாவுக்குப் பூ

கொல்லம் 1106 மாசி 4, புதன்
நல்ல பனி. பிச்சிப்பூ வரத்து குறைவு, அரளி சல்லிசு. வண்டிமாட்டுக்கு லாடம் அடிக்கணும்.

நாகர்கோவிலிலிருந்து நாடகக் கம்பெனி ஏஜென்டு தோவாளைக்கே வந்துவிட்டார். அங்கே பார்க்கில் இருக்கிற காட்சி பங்களாவில் சனிக்கிழமை முதல் நாடகமாம். ராஜாவுக்கு மாலை, ராணிக்கு மாலை, மேடைக்குத் தோரணம். "நேர்ல வந்து கெட்டித் தரணும் அண்ணாச்சி." சரி என்றேன். ஏன் சொன்னேன்? அந்தப் பக்கம் போய் ரெண்டு வருஷம்.

மாசி 5
கட்டடத்துக்கும் தலையெழுத்து உண்டு போலிருக்கிறது. காட்சி பங்களாவைக் கட்டினது பொருட்காட்சிக்கு. நெல், வாழைத்தார், தறித்துணி, நட்டநடுவில் என் பெண்டாட்டி செல்லம்மை பூ மடித்துக் கட்டின மாணிக்க மாலை. மெடல் கிடைத்தது. வண்டியில் வரும்போது பல்லால் கடித்துப் பார்த்தாள். "ஈயமாக்கும்" என்றாள். சிரித்துக்கொண்டே வந்தோம்.

அப்புறம் நெல் மூட்டை அடுக்கும் கிட்டங்கி. அப்புறம் அம்மை வார்டு. அதே நட்டநடுவில் செ.யை வாழை இலையில் கிடத்தியிருந்தார்கள். என்னை உள்ளே விடவில்லை. ஜன்னலோடு சரி.

வாழைநார் வாங்க மறந்துவிட்டேன்.

மாசி 6
மைனி வந்தாள், செ.யின் அக்கா. "அங்க போவாண்டாம். வேற ஆளை அனுப்புங்க." வாழைநாரை நனைக்கப் போட்டேன்.

செ. போன அன்றைக்கு என் வாயைப் பொத்தினதும் இவள்தான். "ஆத்தா கொண்டு போயிருக்கா. அழப்பிடாது. அழுதா ஊருக்கே முத்து போடும்." வாசலுக்கு வாசல் ஆள் நின்று என் கண்ணையே பார்த்தது. எல்லா வீட்டிலும் பிள்ளைகள். நான் அழவில்லை. ஊரை விட்டு ஆத்தா இறங்கி, தண்ணீர் விட்ட பிறகு, இனி அழலாம் என்றார்கள். வரவில்லை. கல்நெஞ்சன் என்று இப்போது அதே தெருதான் சொல்கிறது.

செல்லம்மை, வேறென்ன எழுத.

மாசி 7, சனி
போனேன். புதுச் சுண்ணாம்பு வாசனை. வேப்பிலை வாசனை போயிருக்கிறது. தோரணம் கட்டி முடித்ததும் ஏஜென்டு ஓசி பெஞ்சு கொடுத்தார். பக்கத்தில் கோட்டாறு ஜவுளிக்காரர், ஓயாத வெற்றிலை.

ராணி வேஷம் ஆண்பிள்ளை, மீசை மழித்த இடம் பச்சை. சாகிற கட்டம். நடு மேடையில் நான் கட்டின மாலையோடு படுத்தாள். ராஜா பாட்டெடுத்தார். ஜனம் முழுக்க மூக்கைச் சிந்துகிறது. எனக்கும் அழுகை வந்தது. வாயைப் பொத்திக்கொண்டேன், பழக்கதோஷம். ஜவுளிக்காரர் பார்த்துவிட்டார்.

"என்னத்துக்குவே அடக்குகேரு? அழும். இதுக்குத்தான துட்டு குடுத்து வந்திருக்கோம்."

அழுதேன். சத்தம் போட்டு. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

ஜனம் ஒன்ஸ்மோர் கேட்டது. ராணி எழுந்தாள், சேலையை உதறினாள், மாலையைச் சரி செய்து இன்னொரு தடவை படுத்துச் செத்தாள். அந்த எழுந்திருக்கிற நேரம் என்னால் தாங்க முடியவில்லை.

மாசி 8
பனி இல்லை. கண் வீங்கியிருக்கிறது. மைனி கேட்டாள். பனி என்றேன். அவள் என் பக்கத்தில் உட்கார்ந்து பூத் தொடுத்தாள்.

இன்றைக்கும் அதே நாடகம். ராணி மாலைக்குப் பிச்சிப்பூ கூட்டி வைக்கச் சொல்லணும். நானே கொண்டுபோகிறேன்.