தம்பியின் காய்ச்சலும் நீலத் தண்ணீரும்

என் அம்மாவுக்கு,

நீ போய் நாற்பது நாள் ஆகிறது. தம்பிக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. தினமும் காலையில் வயிற்றில் தானே ஊசி போட்டுக்கொண்டு, சாப்பிட்டு, ஒரு காபியும் குடித்துவிட்டுத்தான் கடைக்குக் கிளம்புகிறான். ஊசி, காபி இரண்டுமே ஒரு காலத்தில் நம் வீட்டில் வாயில் வரக்கூடாத வார்த்தைகள் என்றால் அவன் பிள்ளைகள் நம்ப மாட்டேன் என்கிறார்கள்.

போன வாரம் பரணைக் காலி செய்தோம். பித்தளை அண்டாவுக்குப் பின்னால் நீல பாட்டில் இருந்தது, துணியில் சுற்றி. சபைக்குப் போவதை நிறுத்தியதுமே எல்லா பாட்டிலையும் பழைய பேப்பர்காரரிடம் போட்டாய். இந்த ஒன்றை மட்டும் ஏன் வைத்துக்கொண்டாய்?

இந்தக் கடிதத்தை மற்றவர்களும் படிப்பார்கள். அதனால் உனக்குத் தெரிந்ததையே கொஞ்சம் சொல்கிறேன், பொறுத்துக்கொள். எழுபதுகளின் கடைசி அது. செல்லூரில் தறிக் கொட்டகைக்கு மேலே ஒரு மாடி, அங்கேதான் சபை கூடும். ஞாயிறு காலையில் ஐம்பது அறுபது பேர் வெள்ளை உடுத்திக் கண்ணை மூடி, மூச்சைக் கவனித்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். உப்பு கிடையாது, காபி கிடையாது. காய்ச்சல் வந்தால் உடம்பு தன்னைக் கூட்டிப் பெருக்குகிறது என்று அர்த்தம். மாத்திரை கொடுத்து அதைத் தடுப்பது பாவம். நிற பாட்டிலில் தண்ணீர் ஊற்றி மொட்டை மாடி வெயிலில் வைத்துக் குடிக்க வேண்டும். காய்ச்சலுக்கு நீலம், சளிக்கு ஆரஞ்சு. அந்த பாட்டில்களில் பாதி பழைய மருந்து பாட்டில்கள். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தவர் அப்பா ஒருவர்தான். "நீங்க வெளிச்சத்தக் குடிங்க, எனக்கு ஒரு டீயப் போடு" என்பார், கண்டக்டர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டே.

உன்னை ஏமாளி என்று யாராவது சொன்னால் எனக்கு இன்றைக்கும் கோபம் வரும். மூன்று வருடம் ஒற்றைத் தலைவலியோடு ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைந்தவள் நீ. சபைக்குப் போன இரண்டு மாதத்தில் அது நின்றது. எதனால் என்று எனக்கு இன்னும் தெரியாது. உன்னை எழுப்பி நிறுத்தி, நீ பேச, நாலு பேர் கேட்ட ஒரே இடமும் அதுதான்.

தம்பிக்கு அப்போது ஐந்து வயது, எனக்குப் பதினொன்று. பத்து நாள் காய்ச்சல். பத்து நாளும் நீலத் தண்ணீர், வயிற்றில் ஈர மண்ணைத் துணியில் வைத்துக் கட்டும் மண்பட்டி. பதினோராம் நாள் அவன் உன்னைப் பார்த்து, "நீங்க யாரு?" என்றான். நீ அவனைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, வெள்ளைச் சேலையை அவிழ்த்து வேறு சேலை கட்டக்கூட நிற்காமல், ஆரப்பாளையம் டாக்டரிடம் ஓடினாய். நான் செருப்பில்லாமல் பின்னால் வந்தேன்.

"எத்தன நாளாச்சு? இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா என்னத்துக்கும்மா இங்க வந்திருப்ப?" என்று டாக்டர் கத்தினார். டைபாய்டு. ஊசி, மாத்திரை. வரும் வழியில் நீ என் கையைப் பிடித்து நிறுத்தினாய்.

"யாரும் கேட்டா தண்ணி மட்டுந்தான்னு சொல்லணும். சொல்லுவியாடி?"

"சொல்லுவேம்மா."

தம்பி எழுந்து நடமாடிய அடுத்த ஞாயிறு சபையில் சாட்சி நேரம். குணமானவர்கள் எழுந்து சொல்வது வழக்கம். சபை ஐயா உன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். நீ எழுந்தாய். திரும்பி என்னைப் பார்த்தாய். சொல்லிவிடுவாய் என்று நினைத்தேன். "நீலத் தண்ணியிலதான் எம்புள்ள பொழச்சான்" என்றாய். எல்லோரும் கைகூப்பினார்கள்.

திருமங்கலத்திலிருந்து சபைக்கு பஸ் ஏறி வருவார்களே மல்லிகா அத்தை, அவர்கள் மாடிப்படியில் என்னைத் தனியாகப் பிடித்துக்கொண்டார்கள். அவர்கள் மகள் ஜோதிக்கு அப்போது நாலு நாள் காய்ச்சல்.

"அம்மா சொன்னது நெசந்தானா தாயி? வேற ஒண்ணும் குடுக்கலயா? நீ பொய் சொல்ல மாட்ட."

"தண்ணி மட்டுந்தான் அத்தே."

அதற்கப்புறம் ஜோதி பன்னிரண்டு நாள்தான் இருந்தாள். அந்தச் சாவுக்குத் துஷ்டி கேட்டுவிட்டு வந்து நீ சுவரைப் பார்த்துப் படுத்தவள் மறுநாள்தான் எழுந்தாய். சபைக்கு அப்புறம் போகவே இல்லை. கேட்டவர்களுக்குத் தலைவலி என்றாய். அது பொய்யில்லை, தலைவலி திரும்பி வந்திருந்தது. ஆனால் திருமங்கலத்துக்கும் அதற்குப் பிறகு போகவில்லை. நாம் இரண்டு பேரும் அதைப் பற்றி ஒருநாளும் பேசவில்லை. கல்யாணத்துக்கு முந்தின நாள் நான் பேச்செடுத்தேன், ஞாபகம் இருக்கிறதா? "பூக்காரிய வரச் சொல்லிட்டியா?" என்று கேட்டுவிட்டு எழுந்துபோனாய். எனக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது.

உன் பதினாறாம் நாளுக்கு மல்லிகா அத்தை வந்தார்கள். எண்பது வயது, பேரன் கையைப் பிடித்துக்கொண்டு. உன் படத்துக்கு முன்னால் நின்று கும்பிட்டார்கள். பிறகு தம்பியின் கன்னத்தைத் தடவினார்கள்.

"உங்கம்மாவுக்கு அம்புட்டு நம்பிக்கை. அந்தத் தண்ணிதேன் ஒன்னயக் காப்பாத்துச்சு. எனக்கு அம்புட்டு நம்பிக்கை இல்ல போல. வெளிச்சத்தக் குடுத்துக்கிட்டே பயந்துக்கிட்டு இருந்தேன். அதேன் எம்புள்ள போயிட்டா."

நாற்பது வருஷத்துக்கு மேலாக அவர்கள் இதை நம்பிக்கொண்டிருக்கிறார்கள், அம்மா. தன் பயம்தான் மகளைக் கொன்றது என்று. நான் தட்டில் சாப்பாடு வைத்துக்கொண்டிருந்தேன். "இன்னுங் கொஞ்சம் சோறு போடவா அத்தே?" என்றுதான் கேட்டேன்.

உன்மேல் கோபம் இருக்கிறது. தம்பி கண்முன்னால் நடமாடுகிறான் என்பதால் அந்தக் கோபம் ரொம்ப நேரம் நிற்பதில்லை. என் மேல் இருக்கிற கோபம் நிற்கிறது. நீ இருக்கும்வரை உன் மானத்துக்காகப் பேசாமலிருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டேன். இப்போது சொல்லிக்கொள்ள எதுவும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை திருமங்கலத்துக்குப் போகிறேன். தம்பியிடம் நேற்று எல்லாவற்றையும் சொன்னேன், அவனும் வருகிறான். எல்லாவற்றையும் உன் தலையில் போட்டுவிட்டு வர மாட்டேன், அது சத்தியம். படியில் நின்று கேட்டபோது பதில் சொன்னவள் நான். அவர்கள் என்னை வெளியே போகச் சொன்னால் போகிறேன். ஆனால் "தம்பிக்கு ஊசி போட்டோம் அத்தே, நீங்க பயந்ததுதேன் சரி" என்பதைச் சொல்லிவிட்டுத்தான் போவேன்.

அன்றைக்கு உன் கையைப் பிடித்துக்கொண்டு "சொல்லுவேம்மா" என்ற
உன் மூத்த மகள்