மண்டபத்தில் நிற்காத வண்டி

இன்று காலை திருச்சுழி வண்டியில் செக்கிங்குக்காக ஏறியிருந்தேன். கண்டக்டர் பின்படியில் நின்றுகொண்டு, "மண்டபம் எறங்குறவுக வாங்க, மண்டபம்" என்று குரல் கொடுத்தார். அந்தப் பெயர் காதில் விழுந்ததும் என் மனசு தன்பாட்டுக்கு ஓர் ஆட்டை அங்கே கொண்டுபோய் வைத்தது. புலி எங்கே நிற்கிறது என்று தேடவும் செய்தது. பத்து வருஷத்துக்கு மேல் ஆகியும் இந்தச் சனியன் என்னை விடவில்லை. டிக்கெட்டுகளைச் சரிபார்க்காமலே அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிட்டேன்.

நீ போய் நாலு மாதம் ஆகிறது. நான் இப்போது செக்கர். கண்டக்டர்மார் ஒழுங்காக விசில் கொடுக்கிறார்களா என்று பார்ப்பதும் என் வேலையில் சேர்த்தி. இதைக் கேட்டால் நீ சிரிப்பாயோ, காறித் துப்புவாயோ, தெரியவில்லை.

நீ டிரைவர், நான் கண்டக்டர். அருப்புக்கோட்டைக்கும் வீரசோழனுக்கும் ஒரே வண்டியில் ஆறு வருஷம் ஓடினோம். நீ ஒரு கெட்ட பழக்கமும் இல்லாத ஆள். பீடி கிடையாது, வெற்றிலை கிடையாது. வீரசோழனில் வண்டி முக்கால் மணி நேரம் நிற்கும். நான் டீக்கடையில் அரட்டை அடித்துவிட்டு வந்தால் நீ முன்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருப்பாய். துடைத்ததையே மறுபடி துடைப்பாய். எனக்கு எரிச்சலாக வரும். இப்படி ஓர் ஒழுக்கசீலனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எத்தனை நாள்தான் வேலை பார்ப்பது?

ஒருநாள் உன் சீட்டுக்குப் பக்கத்திலிருந்த இஞ்சின் மூடியின் மேல் சாக்பீஸால் ஆடுபுலிக் கட்டம் போட்டேன். மூன்று புளியங்கொட்டை புலி, பதினைந்து பொடிக்கல் ஆடு.

"ஏலே, வேல நேரத்துல என்னலே வெளாட்டு?" என்றாய்.

"வண்டி நிக்கிதுல்ல. ஒரே ஒரு ஆட்டம். புலிய ஒனக்குத் தாரேன்."

"சின்னப்புள்ளைக வெளாட்டுலே இது."

"அப்பச் செயிச்சுக் காட்டு."

இவ்வளவுதான். பெரிய தந்திரம் ஒன்றும் தேவைப்படவில்லை. அன்றைக்கு உன் மூன்று புலிகளையும் ஆடுகளால் சுற்றி வளைத்து, நகர இடமில்லாமல் கட்டினேன். உன் முகம் சுண்டிப்போனது. மறுநாள் வீரசோழனில் வண்டி நின்றதும் துடைக்கிற துணியைக்கூட எடுக்காமல், "சாக்பீஸ எடு" என்றாய். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. உள்ளதைச் சொன்னால், உன்னைக் கெடுத்துவிட்ட சந்தோஷம்.

முக்கால் மணி நேரம் உனக்குப் போதவில்லை. பாதி ஆட்டத்தில் வண்டியைக் கிளப்ப வேண்டும். கிளப்பினால் குலுக்கலில் கல்லெல்லாம் உருண்டுவிடும். அதற்கும் நான்தான் வழி கண்டுபிடித்தேன். கட்டத்தின் இருபத்து மூன்று புள்ளிகளுக்கும் நம் ரூட்டின் நிறுத்தங்களைப் பெயராக வைத்தேன். உச்சி அருப்புக்கோட்டை, நடுவில் திருச்சுழி, கீழ்மூலை வீரசோழன். இடையில் ரைஸ்மில், கம்மாக்கரை, ஆலடி விலக்கு, மண்டபம். நிறுத்தம் போதாமல் இரண்டு டீக்கடையையும் ஒரு சுடுகாட்டையும் சேர்த்துக்கொண்டோம். அதற்குப் பிறகு கல்லும் வேண்டியிருக்கவில்லை, கட்டமும் வேண்டியிருக்கவில்லை. பின்னாலிருந்து நான் "ஆலடி விலக்கு" என்றால் என் ஆடு அங்கே வந்துவிட்டதாக அர்த்தம். நீ ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே யோசித்து, "ரைஸ்மில்லு" என்று புலியை நகர்த்துவாய். "ரைஸ்மில்லு அப்பவே போயிருச்சே, டிரைவரு என்ன மறுபடி சொல்றாரு" என்று ஒரு பெரியவர் தலையைச் சொறிந்தார். நாம் இரண்டு பேரும் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டு சிரித்தோம்.

ஒரு விஷயத்தில் மட்டும் நீ கறாராக இருந்தாய். "ஸ்டாப்ப வாயால சொல்லாதலே. வெளாட்டா நெசமான்னு எனக்குத் தெரியாது. நிக்கணும்னா விசிலு. விசிலு கேட்டா நிப்பேன், கேக்கலன்னா போயிக்கிட்டே இருப்பேன்." ஒரு வருஷத்துக்கு மேல் நான் அதை மீறவில்லை.

அன்று பருத்திச் சந்தை நாள். வண்டியில் கால் வைக்க இடமில்லை. உன் இரண்டு புலிகளைக் கட்டிவிட்டேன். மூன்றாவது தப்பிக்க மண்டபம் ஒன்றுதான் காலி. என் முறை. டிக்கெட் போடுகிற அவசரத்தில் நான் இன்னும் வைக்கவில்லை; நீ கண்ணாடியில் என்னையே பார்த்துக்கொண்டு வந்தாய். பின்படி ஓரத்தில் மூட்டையோடு நின்ற ஓர் அம்மா, "தம்பி, மண்டபத்துல நிப்பாட்டுங்க" என்றார். விசில் என் சட்டைப் பையில் இருந்தது. இரண்டு கைகளும் கூட்டத்துக்குள் மாட்டியிருந்தன. கையை உருவி எடுத்திருக்கலாம். சோம்பல் பட்டுக்கொண்டு வாயால் கத்தினேன், "மண்டபம்."

"கெடுத்தியேலே, நீ அங்கதான் வப்பேன்னு நெனச்சேன்" என்று முன்னாலிருந்து உன் சிரிப்புச் சத்தம் கேட்டது. வண்டி வேகம் குறையவில்லை. ஊர் பின்னால் போவதைப் பார்த்து அந்த அம்மா மூட்டையோடு குதித்துவிட்டார். இடுப்பெலும்பு முறிந்தது. அதற்குப் பிறகு அவர் காட்டு வேலைக்குப் போகவே இல்லை.

ஸ்டேஷனில் ஏட்டையா முதலில் என்னைத்தான் கேட்டார். "விசிலு குடுத்தியா?"

"குடுத்தேன்யா" என்றேன். யோசிக்கவே இல்லை, வாய் தானாகச் சொல்லிவிட்டது. வேலை போய்விடும் என்ற பயம், வேறு ஒன்றுமில்லை. கூட்ட இரைச்சலில் விசில் கேட்டதா இல்லையா என்று எந்தப் பயணிக்கும் நிச்சயமில்லை.

நீ திரும்பி என்னைப் பார்த்தாய். பிறகு ஏட்டையாவிடம், "எனக்குக் கேக்கலய்யா" என்றாய். ஆட்டத்தைப் பற்றி நீயும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. உன் லைசென்ஸை ஆறு மாதம் முடக்கினார்கள்.

அந்தப் பார்வையை நான் தப்பாகப் படித்தேன். நான் பொய் சொல்கிறேன் என்று தெரிந்துகொண்டே நீ என்னைக் காப்பாற்றுகிறாய் என்று நினைத்தேன். ஆறு மாதம் கழித்து முதலாளி ஆள் விட்டுக் கூப்பிட்டும் நீ வரவில்லை. என் முகத்தில் விழிக்கப் பிடிக்காமல்தான் வரவில்லை என்று எடுத்துக்கொண்டேன். பந்தல்குடிப் பக்கம் உன் ஊரிலேயே கருவேலமரம் வெட்டிக் கரிமூட்டம் போட ஆரம்பித்தாய். அந்த அம்மாவை மாசாமாசம் போய்ப் பார்த்துவிட்டு வருகிறாய் என்று சொன்னார்கள். அதுவும் எனக்குக் கோபத்தைத்தான் தந்தது. பெரிய தியாகி, என்னைக் குத்திக்காட்டுவதற்கே செய்கிறான் என்று உன் மேல் பொருமினேன். உன் ஊர்ப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. மூட்டப் புகை உன் நெஞ்சைத் தின்று நீ இருமிக்கொண்டு கிடந்தபோதும் வரவில்லை. பதினாறாம் நாளுக்குத்தான் வந்தேன், வராவிட்டால் நாலு பேர் கேட்பார்களே என்று.

சாப்பிட்டுக் கை கழுவும்போது உன் மனைவி பக்கத்தில் வந்து நின்றார்.

"தம்பி, ஒங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். அப்பவே இவுகளுக்குக் காது மந்தமா?"

"ஏன் மதினி?"

"மதுரைக்குக் கூட்டிட்டுப் போயிக் காட்டுனேன். ரெண்டு காதும் நல்லாருக்கு, தாராளமா வண்டி ஓட்டலாம்னு டாக்டரு சொன்னாரு. இவுக நம்பல. 'அவன் விசிலு குடுத்தேன்னு சொல்றான், அவன் எங்கிட்டப் பொய் சொல்ல மாட்டான். எங்காதுல வெளாட்டு மட்டும்தான் விழுந்திருக்கு. இந்தக் காத வச்சுக்கிட்டு எப்படி அம்பது பேர ஏத்திட்டுப் போவேன்'னாக. சாகுற மட்டும் இதே பேச்சு. வீட்டுல நான் பின்னால இருந்து கூப்புட்டா, 'மொத தடவையா, முன்னாடியே கூப்புட்டியா'ன்னு கேப்பாக. நெசமாவே இவுகளுக்குக் கேக்காமத்தான் போச்சா தம்பி?"

நீ என்னைக் காப்பாற்றவில்லை. நம்பியிருக்கிறாய். நான் கொடுக்காத விசிலைக் கேட்கவில்லை என்று பத்து வருஷம் உன் காதை நீயே சந்தேகப்பட்டுக்கொண்டு கரிக்குள் கிடந்திருக்கிறாய். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நீ மறுநாளே ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பாய்.

அப்போதாவது சொன்னேனா? "இஞ்சின் எரச்சல்ல செல நேரம் கேக்காது மதினி" என்றேன். மதினி தலையை ஆட்டிக்கொண்டு உள்ளே போனார். பாத்திரம் கழுவுகிற சத்தம் வந்தது.

உன் காது நன்றாகத்தான் இருந்தது. நான் விசில் கொடுக்கவில்லை. மதினியிடம் சொல்ல முடியாததை உனக்கு எழுதுகிறேன், நீ கேட்கமாட்டாய் என்கிற தைரியத்தில்.