உன் லூப்புகளும் என் தொண்டையும்

உன் ஹெட்போனைக் காதில் மாட்டினேன். காதுப் பஞ்சு உரிந்து கறுப்புத் தூளாகக் கன்னத்தில் ஒட்டுகிறது. அதில் இன்னும் நீ தலைக்குத் தேய்க்கிற கரிசலாங்கண்ணி எண்ணெய் வாசனை. போன வாரம் உன் வீட்டுக்காரர் இதையும் லேப்டாப்பையும் ஒரு ஜவுளிக்கடைக் கட்டைப்பையில் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார். "எங்க வீட்ல யாருக்கும் இது ஒன்னும் புரியாதும்மா. உங்களுக்குத்தான் தெரியும்" என்றார். எனக்கும் தெரியாது, ஆனாலும் பையை வாங்கி வைத்துக்கொண்டேன்.

பள்ளிக்கூட நாளிலிருந்து ஒட்டிக்கொண்டு திரிந்த எனக்கே, நீ சொந்தமாகப் பாட்டு போடுகிறாய் என்று சொன்னபோது சிரிப்புத்தான் வந்தது. உனக்குப் பாட வராது. ஒரு வாத்தியமும் தெரியாது. பகலெல்லாம் பிள்ளையார்பாளையத்தில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து பட்டுப்புடவைக்கு டிசைன் போடுவாய். சாயங்காலம் வீட்டுக்கு வந்து, அதே மாதிரி மவுஸைப் பிடித்துக்கொண்டு சங்கீதம் என்றால் யார்தான் சிரிக்க மாட்டார்கள்? அதிலும் நான் சின்னக் காஞ்சிபுரத்தில் வீட்டோடு பாட்டு வகுப்பு நடத்துகிறவள். வெள்ளிக்கிழமைகளில் கோயிலில் பாடுகிறவள். எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு என்பது உனக்குத் தெரியும்.

உன் கம்ப்யூட்டரில் இருந்ததெல்லாம் யாரோ எங்கோ வாசித்துப் பதிந்துவைத்த துண்டுகள். ஒரு டிரம் துண்டு, ஒரு கிதார் துண்டு, புல்லாங்குழலில் ஒரு இழை. ஒவ்வொன்றும் சில நொடிதான். ஒன்றை முடிவில்லாமல் சுற்றவிட்டு, அதன்மேல் இன்னொன்று, அதன்மேல் மற்றொன்று. அதற்குப் பேர் லூப் என்றாய்.

"ஒட்டுப்போட்டுத் தைக்கறதுக்குப் பேரு சங்கீதமாடி?" என்றேன்.

உனக்குக் கோபமே வராது. "சரிகமபதநி நீ கண்டுபுடிச்சதா ராஜி? யாரோ செஞ்சி வச்சத எடுத்துக்கினுதான நீயும் பாடற. நீ ஏழு வச்சிருக்க, நான் எழுநூறு வச்சிருக்கேன். அவ்ளோதான்."

உன் வீட்டுக்கு யார் வந்தாலும் ஒரே யோசனைதான் சொல்வார்கள். பக்கத்து வீட்டுத் தறிச் சத்தத்தைப் பதிந்து பாட்டில் போடு, பிரமாதமாக இருக்கும் என்பார்கள். நீ கையெடுத்துக் கும்பிடுவாய். "காத்தாலேர்ந்து அதைத்தான் கேட்டுக்கினு கெடக்கறேன். பாட்டுலயும் அதுவா?"

என் சிரிப்பு அடங்கியது ஒரு ஞாயிற்றுக்கிழமை. நீ இரண்டே இரண்டு துண்டுகளை எடுத்தாய். ஒன்று தோல் வாத்தியம், ஐந்து எண்ணிக்கையில் சுற்றுவது. மற்றது ஏதோ தந்தி வாத்தியம், ஏழில் சுற்றுவது. இரண்டையும் ஒன்றாக ஆரம்பித்துவிட்டு, கையை மவுஸிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டாய். அடுத்த சுற்றிலேயே இரண்டும் விலகின. ஒன்று முந்தியது, மற்றது பின்தங்கியது, ஒன்றின் அடி மற்றதன் இடைவெளியில் விழுந்தது. ஒவ்வொரு சுற்றும் புதிதாகக் கேட்டது. நான் என்னையறியாமல் தொடையில் தாளம் போட்டுக் கணக்குப் பார்த்துக்கொண்டே வந்தேன். இரண்டும் மறுபடி ஒரே அடியில் வந்து விழுந்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. இந்தக் கணக்கைச் சொல்லிக்கொடுத்துத்தான் நான் சோறு தின்கிறேன். ஆனாலும் அதை அப்படி நான் கேட்டதே கிடையாது.

"எப்படிடி பண்ண?"

"நான் ஒன்னும் பண்ணலபா. ரெண்டையும் அது போக்குல வுட்டுட்டேன். புடவையில கரைப் பூ ஒரு அளவுல வரும், உடம்புப் பூ ஒரு அளவுல வரும். எங்கயோ ஒரு எடத்துல ரெண்டும் நேரா நிக்கும். அந்த எடம் வரப்ப எனக்கு எப்பவுமே சந்தோஷமா இருக்கும்."

ஒன்றும் மாறாத இரண்டு பொருளிலிருந்து இத்தனை மாற்றம் எப்படி வந்தது என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை. அன்றிலிருந்து உன்னைக் கிண்டல் செய்வதைக் குறைத்துக்கொண்டேன். விட்டுவிடவில்லை.

அதற்கு மறுவருஷம்தான் என் தொண்டையில் கட்டி வந்தது. பயப்படும்படியான கட்டி இல்லை, ஆனால் எடுத்தே ஆகவேண்டும் என்றார் டாக்டர். குரலுக்குப் போகிற நரம்பு பக்கத்திலேயே இருக்கிறதாம். "பேச்சு வந்துடும்மா. பாட்டுக்கு நான் உறுதி சொல்ல முடியாது" என்றார். வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது உனக்குத்தான் போன் செய்தேன். நீ, "ஆஸ்பத்திரியில சேர்றதுக்கு முன்னாடி ஒரு நாள் என் வீட்டுக்கு வா, பதிஞ்சி வைக்கலாம்" என்றாய்.

நான் தோடி ராகத்தில் ஒரு பெரிய பாட்டைத் தயார் செய்துகொண்டு வந்தேன். கடைசியாகப் பாடுவதென்றால் அதுதான் என்று முடிவு. நீ அந்தச் சின்ன அறையில் நாலு பக்கமும் கொடி கட்டிப் புடவைகளைத் தொங்கவிட்டிருந்தாய், எதிரொலி வராமலிருக்க. பக்கத்து வீட்டுத் தறி மத்தியானச் சாப்பாட்டுக்கு நிற்கட்டும் என்று காத்திருந்தோம். தறி நின்றதும் நீ சொன்னாய், "பாட்டு வேணாம் ராஜி. ஒவ்வொரு சுரத்துலயும் ஒரு மூச்சு நில்லு. அப்புறம் சின்னச் சின்னதா ராகப் பிடி நாலஞ்சு பாடு. அது போதும்."

எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை. "இதுக்கப்புறம் பாடுவேனான்னே தெரியல. இப்பப் போயி 'ஆ'ன்னு நிக்கச் சொல்றியே?"

நீ நிமிர்ந்து பார்த்தாய். கண் கலங்கியிருந்தது. குரல் கலங்கவில்லை. "முழுப் பாட்டப் பதிஞ்சா அது நீ பாடி முடிச்ச பாட்டு. அதப் போட்டுப் போட்டுக் கேட்டு அழுதுக்கினு ஒக்காந்திருப்ப. எனக்கு அது வேணாம். துண்டா குடு. அத வச்சிக்கினு இன்னும் பாடலாம்."

அந்தப் பேச்சின் முழு அர்த்தம் அப்போது எனக்கு ஏறவில்லை. இருந்தாலும் பாடினேன். தறி திரும்ப ஆரம்பிக்கும்வரை நின்று நின்று, வெறும் சுரமாக, வெறும் மூச்சாகப் பாடினேன்.

டாக்டர் சொன்னபடி பேச்சு வந்தது. பாட்டு வரவில்லை. மேல் ஷட்ஜம் எட்டாமல் போயிற்று. அதற்கு ரொம்பக் கீழேயே குரல் பிளந்து காற்றாகப் போனது. கீழே இருந்ததும் கரகரப்பு. பிள்ளைகளின் அம்மாக்களிடம் வேறு டீச்சரைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டேன். சுருதிப்பெட்டியைத் துணி சுற்றி அலமாரியில் மேலே வைத்தேன். கோயில் பக்கம் போனாலும் யாராவது பாடச் சொல்லிவிடுவார்களோ என்று வேகமாகப் பிரகாரம் சுற்றிக்கொண்டு வந்துவிடுவேன். நீ அந்த மாதங்களில் என்னைப் பாடச் சொல்லி ஒரு வார்த்தை கேட்கவில்லை. தினம் வந்து காபி குடித்துவிட்டு, யாரையாவது வம்பு பேசிவிட்டுப் போவாய்.

ஒருநாள் உன் வீட்டுக்குக் கூப்பிட்டு இந்த ஹெட்போனை என் தலையில் மாட்டினாய். என் குரல் கேட்டது. முழுசாக இருந்த குரல். ஒரு நான் ஷட்ஜத்தில் நிற்கிறேன், மூச்சு முடியாமல் நின்றுகொண்டே இருக்கிறேன். இன்னொரு நான் பஞ்சமத்தில் வந்து சேர்கிறேன். மேலே மூன்றாவதாக ஒரு நான் சின்னப் பிடி ஒன்றைப் போட்டுவிட்டு மறைகிறேன், வேறு இடத்தில் திரும்ப வருகிறேன். வாழ்நாளில் ஒருநாளும் நான் பாடாததைப் பாடிக்கொண்டிருந்தேன். கோயில் கருவறைக்கு முன்னால் நிற்கும்போது வருகிற ஒரு ஒடுக்கம் உண்டே, அதுதான் எனக்கு வந்தது. நானா இது என்று கேட்கக்கூடத் தோன்றவில்லை.

நடுவில் எல்லாக் குரலும் அடங்கிவிட்டது. ஷட்ஜம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

"என்னடி, நின்னு போச்சு?"

"நிக்கல. அங்க நீ பாடணும்."

"எதப் பாடுவேன்? என் தொண்டையப் பார்த்தியா?"

"இப்ப இருக்கற தொண்டையிலதான். மத்ததெல்லாம் உடம்புப் பூ, திரும்பத் திரும்ப வரும். முந்தானை ஒரு வாட்டிதான் வரும். அத நான் எங்கேர்ந்து எடுத்துப் போடறது?"

பழைய குரலைக் கம்ப்யூட்டரிலேயே இறக்கி எனக்குத் தோதாகச் செய்திருக்கலாமே என்று கேட்டேன். செய்யலாம், ஆனால் மாட்டேன் என்றாய். நான் கண்ணை மூடிக்கொண்டு கீழ்ஸ்தாயியில் ஆரம்பித்தேன். மேலே ஏறியபோது, எப்போதும் உடைகிற இடத்தில் குரல் உடைந்தது. உடைந்ததும் நிறுத்தப் பார்த்தேன். கீழே என் பழைய ஷட்ஜம் நிற்காமல் போய்க்கொண்டிருந்தது. அதை விட்டுவிட்டு எப்படி நிற்பது? உடைந்த இடத்திலிருந்து கரகரப்போடேயே ஒரு இறக்கம் இறங்கி, வேறு வழியாக மேலே வந்தேன். நீ அழுதாய். நான் அழவில்லை, பாடிக்கொண்டிருந்தேன்.

அடுத்த வாரம் சுருதிப்பெட்டியை அலமாரியிலிருந்து இறக்கினேன். வகுப்பும் திரும்ப ஆரம்பித்தது.

அப்புறம் நீ போய்விட்டாய். டிசைன் கொடுக்கப் போன இடத்தில் மயங்கி விழுந்து, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் முடிந்துவிட்டது என்று ஷேர் ஆட்டோவில் வரும்போது போனில் கேட்டேன். இறங்கவேண்டிய இடத்தைத் தாண்டி ஐயம்பேட்டைவரை போய்விட்டேன்.

இந்த ஒரு வாரமாக லேப்டாப்பைத் தட்டுத்தடுமாறித் திறந்து, உன் பாட்டுகளை ஒவ்வொன்றாகக் கேட்டேன். உண்மையில் நான் தேடியது உன் குரலை. எங்கேயாவது "ம், ஆரம்பி" என்றாவது சொல்லியிருப்பாய் என்று பார்த்தேன். இல்லை. தேவையில்லாத சத்தத்தையெல்லாம் அவ்வளவு சுத்தமாக வெட்டி எடுத்திருக்கிறாய். நீ அதில் எங்கேயுமே இல்லை. அதற்காக உன்மேல் எனக்கு இன்னும் கோபம்தான்.

நேற்று வகுப்பில் தன்யா பாடினாள். புதிதாகச் சேர்ந்த பெண், கணீரென்ற குரல், மேல் ஷட்ஜமெல்லாம் அவளுக்கு விளையாட்டு. பாதிப் பாட்டில் குரலை வேண்டுமென்றே கரகரப்பாக்கி, ஒரு இறக்கம் இறங்கி, வேறு வழியாக மேலே போனாள்.

"அங்க ஏம்மா அப்படிப் பண்ற? உனக்குத்தான் நல்லா வருதே, நேரா மேல போயேன்."

அவள் விழித்தாள். "நீங்க அப்படித்தான மிஸ் பாடுவீங்க? அது பாட்டுலயே இருக்குதுன்னு நெனச்சேன்."

அந்த இறக்கம் எந்தப் பாட்டிலும் இல்லை. என் குருவுக்குத் தெரியாது, எனக்கே முன்பு தெரியாது. புடவை தொங்கிய உன் அறையில், நீ எனக்காக விட்டிருந்த இடத்தில் அன்றைக்குப் பிறந்தது. இப்போது ஒரு குறையும் இல்லாத ஒரு தொண்டை அதைப் பாடிக்கொண்டு என் எதிரே உட்கார்ந்திருந்தது. பாடவே தெரியாத உன்னை நினைத்துக்கொண்டேன்.

"இருக்குதும்மா, பாட்டுலதான் இருக்குது. இன்னொரு வாட்டி பாடு" என்றேன்.