கிள்ளாமல் விட்ட மொட்டு

அன்பு மகள் ஷுவாங்குக்கு அப்பா எழுதிக்கொள்வது. நானும் உன் பெரிய மாமாவும் அத்தையும் உயிரோடு இருக்கிறோம், வேளைக்குச் சாப்பிடுகிறோம். நலம் என்று எழுதினால் பொய்யாகிவிடும், ஆகவே அந்தச் சொல்லை உனக்கென்று வைத்துவிடுகிறேன், நீ ஷென்ஜெனில் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்க வேண்டும். கையில் போன் இருக்கத் தாளில் எழுதுகிறாரே என்று நினைப்பாய். போனில் நான் சொல்ல வந்ததைச் சொல்லி முடிப்பதற்குள் உனக்குக் கோபம் வருகிறது, உனக்குக் கோபம் வந்தால் நான் கத்துகிறேன், விஷயம் அங்கேயே நின்றுபோகிறது. தாளை நீ கசக்கி எறிந்தாலும் பிறகு பிரித்துப் படிக்கலாம். சுற்றி வளைக்க எனக்குத் தெரியாது, முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அம்மாவின் பியோனி வயல் போய்விட்டது. ஒரு கிழங்காவது அனுப்புங்கள், பால்கனியில் தொட்டி வைத்து வளர்க்கிறேன் என்று கேட்டிருந்தாய். அனுப்பப் போவதில்லை. ஏன் என்று கீழே எழுதுகிறேன், பாதியில் நிறுத்தாமல் படி.

நீ கடைசியாக என்னிடம் சண்டை போட்டது அந்தப் பூக்களைப் பற்றி. பக்கத்து வீட்டு ஹு சித்தி மகள் படம் எடுத்து அனுப்பினாள், நீ உடனே போன் போட்டு, 'அப்பா, அம்மா வயல் முழுக்கப் பூத்திருக்கே, பாத்தீங்களா, எவ்ளோ அழகு' என்றாய். நான், 'கிள்ள ஆளில்ல, அதான் பூத்திருக்கு, பூத்ததெல்லாம் வேரத் தின்னுட்டு நிக்குது' என்றேன். 'உங்களுக்கு மனசே கிடையாது, உள்ள இருக்கறது அளவுநாடாதான்' என்று வைத்துவிட்டாய். நான் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை, இப்போதும் அதையேதான் சொல்வேன். நம் ஊரில் இந்தச் செடியைப் பூவுக்கா வளர்க்கிறோம்? வேருக்கு வளர்க்கிறோம், வேர் மருந்துக்குப் போகிறது. நட்டு நாலாம் வருஷம் தோண்டுகிற வரைக்கும் வசந்தம் வந்தால் மொட்டுகளையெல்லாம் கிள்ளி எறிய வேண்டும், அப்போதுதான் பலம் கீழே இறங்கும். அம்மா இரண்டு கையாலும் கிள்ளிக்கொண்டே நடப்பாள், வரப்பில் அவளோடு பேசிக்கொண்டு போனால் நான்தான் பின்தங்குவேன். இந்த வருஷம் மொட்டு விடுவதற்கு முன்னால் அவள் போய்விட்டாள். ஹு சித்தியும் இன்னும் சில பெண்களும் நாங்கள் வந்து கிள்ளித் தருகிறோம் என்று வந்தார்கள், உன் பெரிய மாமா தெங்ஷான்தான் வரப்பில் குறுக்கே நின்றுகொண்டு, 'இந்த ஒரு வருஷம் விட்ருங்கம்மா, என் தங்கச்சி ஆயுசுக்கும் கிள்ளித்தான் போட்டா, ஒரு தடவகூட பூவாப் பாக்கல, ஊராவது பாக்கட்டும்' என்று அழுதார். உடன்பிறந்தவர் அழும்போது கணக்குப் பேச முடியாது. எல்லாம் பூத்தது, வெள்ளையும் ரோஜா நிறமும், சுற்றுப்பட்ட ஊரிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்து வயலுக்குள் இறங்கி நின்று படம் எடுத்துக்கொண்டார்கள், ஒருத்தி தலையில்கூடச் செருகிக்கொண்டாள். நான் வேலைக்குச் சுற்று வழியில் போனேன். பூத்ததோடு விடவில்லை, விதையும் கட்டியது. ஒரு செடியைக் கெடுக்க அதைவிட வேறு ஒன்றும் வேண்டாம்.

அதன் பிறகுதான் நிலம் இறங்க ஆரம்பித்தது. நான் சுரங்கத்தில் சர்வேயர், எங்கே எவ்வளவு இறங்கும் என்று அளப்பதுதான் எனக்குச் சம்பளம். நம் வயலுக்கு அடியில் நிலக்கரி எடுக்கத் தொடங்கியது எல்லோருக்கும் தெரியும். மேலே மண் உட்கார்ந்தால் கீழேயிருந்து தண்ணீர் எழும்பும், கிழக்கே மக்காச்சோளக் கொல்லைகள் இருந்த இடத்தில் இப்போது வாத்து மேய்கிறது. பியோனிக்கு வெயில் ஒன்றும் செய்யாது, உறைபனி ஒன்றும் செய்யாது, வேரில் தண்ணீர் நின்றால் மட்டும் பிழைக்காது. பெருவெப்பப் பருவத்திலேயே நான் மாமாவிடம் போய், மச்சான், எல்லாவற்றையும் இப்போதே தோண்டி எடுத்துவிடுவோம், என் கணக்குப்படி கோடை முடிந்து வழக்கமாகத் தோண்டும் வெண்பனிப் பருவம்வரை தாங்காது என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, 'மாப்பிள்ளே, இந்த வெயில்ல முளைக்கண்ணு ஒரு அரிசி அளவுகூட இருக்காது, ஆறு மாசத்துல வயித்தக் கிழிச்சுப் புள்ளய எடுப்பியா நீ' என்றார். அதோடு நிறுத்தவில்லை, 'உங்க கம்பெனி எங்க நெலத்த முழுங்குது, நீ வாய் எவ்ளோ பெருசுன்னு அளந்து குடுக்கற, அப்புறம் எங்கிட்டயே வந்து அவசரப்படுத்தற' என்றும் சொன்னார், அத்தை, 'சும்மா இரேன்யா, அவரும் பொண்டாட்டியப் பறிகுடுத்துட்டுத்தான் நிக்கறாரு' என்று அடக்கினாள். கடைசியில் வயலைப் பாதியாகப் பிரித்துக்கொண்டோம். தாழ்வான பாதியை நான் உடனே தோண்டினேன். மேட்டுப் பாதி அவர் சொன்னபடி வெண்பனிக்குக் காத்திருந்தது.

நடந்ததைச் சொல்கிறேன். நான் எடுத்த பாதியில் வேரை வெட்டிவிட்டு, கண் உள்ள தலைப்பாகத்தை எல்லோரும் வைப்பது போல நிழலில் ஈரமணலில் புதைத்து வைத்தேன். கண்கள் மாமா சொன்ன மாதிரி அரிசியளவுதான் இருந்தன. அந்தப் புழுக்கத்தில் பூசணம் பிடித்தது, மணலைத் தள்ளிப் பார்க்கும்போதெல்லாம் சில சுருங்கியிருந்தன. மேட்டுப் பாதி பச்சைப்பசேலென்று நின்றது, மாமா தினமும் போய்ப் பார்த்துவிட்டு வந்து என்னைப் பார்த்துச் சிரிப்பார். மேல்மண் காய்ந்து தூசி பறந்தது. மேல்மண்ணை நம்பக்கூடாது என்று சொன்னேன், காதில் போட்டுக்கொள்ளவில்லை. வெண்பனி அன்று மண்வெட்டியைப் போட்டார், முதல் செடியைத் தூக்கியதும் நாற்றம் அடித்தது, செத்த எலி நாற்றம். வேரைப் பிடித்தால் தோல் காலுறை கழல்வது போலக் கையோடு வந்தது, உள்ளே சாம்பல் நிறக் கூழ். தண்ணீர் மேலே வரவே இல்லை, அடியிலேயே நின்று தின்றிருக்கிறது. பூத்து ஓய்ந்த வேர், எதிர்த்து நிற்கப் பலம் இல்லை. மாமா ஒவ்வொரு வரிசையாக வெட்டிக்கொண்டே போனார், நான் போதும் மச்சான் என்றேன், அவர் நிறுத்தவில்லை, கடைசி வரிசைக்குப் போனதும் வரப்பில் உட்கார்ந்து, 'நீ சொன்னதும் சரி, நான் சொன்னதும் சரி, என்ன மாப்பிள்ளே இது, ரெண்டு பேரும் சரியாச் சொல்லி என்ன புண்ணியம்' என்றார். அன்றிலிருந்து அவர் யாரிடமும் சரியாகப் பேசுவதில்லை. அத்தை சோறு வைத்தால் சாப்பிடுகிறார், வைக்காவிட்டால் கேட்பதில்லை. நீ அவருக்கு ஒரு போன் போடு. வயலைப் பற்றிக் கேட்காதே, வேறு எதையாவது கேள்.

இரண்டு பாதியிலும் சேர்த்து உருப்படியாகத் தேறியது ஆறு தலைக்கிழங்கு. அழுகலைக் கத்தியால் வெள்ளை தெரியும்வரை சீவி, சாம்பல் தொட்டு, காயவைத்து நட்டாகிவிட்டது. எங்கே நடுவது என்பது அடுத்த தலைவலியாக இருந்தது. மாமாவின் இன்னொரு துண்டு நிலத்தில் போன தடவை இதே பயிர், அதே மண்ணில் மறுபடி வைத்தால் நோவு பிடிக்கும். அம்மாவின் சாம்பல் இருக்கும் மேட்டில் வைக்கலாம் என்றால் அங்கே எல்லாம் சிமெண்ட் பூசிவிட்டார்கள். அந்த மேட்டைப் பற்றி நீ பயப்பட வேண்டாம், அதற்கடியில் நிலக்கரி கிடையாது, வரைபடத்தை எடுத்துத் திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டேன். கடைசியில் எங்கள் அளவுக்கல் இருக்கும் இடத்தில் வைத்தேன். ஊரில் மற்ற எல்லாம் எவ்வளவு இறங்கியது என்று அந்தக் கல்லிலிருந்துதான் அளக்கிறோம், அது அசையாது என்பதால்தான் அங்கே நட்டிருக்கிறார்கள். கம்பி வேலிக்குள் நல்ல வெயில், சரிவு, தண்ணீர் தங்காது. காவல்காரர் என்னை உள்ளே விட்டுவிட்டு, 'என்ன சர்வேயர் சார், கல்லுக்குக் கல்யாணமா, சுத்திப் பூச்செடி வைக்கறீங்க' என்று சிரித்தார். மேலதிகாரி பார்த்தால் பிடுங்கச் சொல்வார். பார்க்கட்டும், அப்போது பேசிக்கொள்கிறேன். ஆழமாகத் தோண்டி அடியில் மக்கிய எரு போட்டு, அதன்மேல் வெறும் மண் போட்டு, கண்ணுக்கு மேல் இரண்டு விரல்கடை மண் மட்டும் மூடினேன். அதற்கு மேல் மூடினால் உயிர் இருக்கும், பூக்காது. பச்சை எருவைக் கிட்டக்கூடக் காட்டவில்லை. மாமாவும் வந்தார், மண்ணைக் கையால் அழுத்திக் கொடுத்தார்.

இனி உன் தொட்டி விஷயம். நீ இருக்கும் ஊரில் குளிர்காலம் என்று ஒன்று இல்லை. இந்தச் செடி மேலே மொத்தமும் பட்டுப்போய், மண்ணுக்கடியில் நீண்ட நாள் உறைகுளிரில் கிடந்தால்தான் அடுத்த பூவுக்குத் தயாராகும். உன் எட்டாவது மாடி பால்கனியில் ஒரு வருஷம் இலை விடும், அடுத்த வருஷம் நோஞ்சானாக விடும், அதற்கடுத்த வருஷம் நீ வெறும் மண்ணுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருப்பாய். இருக்கும் ஆறில் ஒன்றை அப்படிச் சாகக் கொடுக்க நான் தயாரில்லை, நீ எவ்வளவு கோபப்பட்டாலும் சரி. அதற்குப் பதிலாக இந்தப் பொட்டலம். நான் முதலில் எடுத்த பாதியில் அழுகாமல் இருந்த வேர்களை அத்தை தோல் சீவி, வேகவைத்து, வெயிலில் காயவைத்து வில்லையாக நறுக்கிக் கொடுத்தாள். மெலிந்த வேர்தான், வியாபாரி திரும்பிக்கூடப் பார்க்கமாட்டான். மாதாமாதம் உனக்கு வயிறு இழுத்துப் பிடிக்கும்போது அம்மா அதிமதுரத்தோடு சேர்த்துக் காய்ச்சித் தருவாளே, அதேதான். ஒரு கைப்பிடி போட்டு, தண்ணீர் பாதியாகச் சுண்டும்வரை காய்ச்சு. ஐஸ் போட்ட டீ குடித்துவிட்டு இதைக் குடிக்காதே. டப்பாவை இறுக மூடி வை, உங்கள் ஊர் ஈரத்தில் பூசணம் பிடிக்கும். தீர்ந்தால் இனி கடையில்தான் வாங்க வேண்டும்.

வீட்டைப் பற்றியும் எழுதிவிடுகிறேன். சமையலறைச் சுவரில் விரிசல் உள்ளங்கை நுழையும் அளவுக்கு ஆகிவிட்டது, பின்கதவு மூடுவதில்லை, கல்லைச் சாத்தி வைத்திருக்கிறேன். புத்தாண்டுக்கு முன் எல்லோரும் புதுக் குடியிருப்புக்குப் போக வேண்டும் என்கிறார்கள், நமக்கு ஐந்தாவது மாடி. உன் புத்தகங்களையும் அம்மாவின் தையல் மிஷினையும் எடுத்துப் போகிறேன், மற்றதைப் பற்றிக் கேட்காதே. உன் வேலையில் இரவு முறை கேட்டால் முடியாது என்று சொல், கண் கெடும். காலையில் வெறும் வயிற்றோடு போகாதே, கஞ்சியாவது குடி. அறையில் உன்னோடு இருக்கும் பெண்களிடம் என்னைப் பற்றிக் குறை சொல்கிறாய் என்று தெரியும், சொல்லிக்கொள், ஆனால் சாப்பிட்டுவிட்டுச் சொல்.

உனக்கு எந்தக் குறையும் வராமல் நீ நீண்ட நாள் திடமாக வாழ வேண்டும், அம்மா இருந்தால் இதை அழகாகச் சொல்லியிருப்பாள், எனக்கு இவ்வளவுதான் வரும். ஒன்றை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள். அந்த ஆறும் உயிரோடு இருக்கிறதா என்று இப்போது எனக்கும் தெரியாது, மாமாவுக்கும் தெரியாது, என்னிடம் இருக்கும் எந்தக் கருவிக்கும் தெரியாது. தோண்டிப் பார்த்தால் இருப்பதும் செத்துவிடும். குளிர் விட்ட பிறகு சிவப்பு முளை மண்ணைக் கீறிக்கொண்டு வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை. வந்தால் படம் எடுத்து அனுப்புவேன், கூட ஒரு வார்த்தையும் எழுதமாட்டேன். கல்லறை கூட்டும் சிங்மிங் நாள் நெருங்கியும் என்னிடமிருந்து படம் வரவில்லை என்றால், ஏன் வரவில்லை என்று போன் போட்டுக் கேட்காதே, அதை என்னால் போனில் சொல்ல முடியாது. டிக்கெட் எடுத்துக்கொண்டு வந்துவிடு.

உன் அப்பா,
சியாவ் வெய்மின்
குளிர்பனிப் பருவம், வீட்டிலிருந்து