பத்து மாதம் பெயரில்லாத குழந்தை

அப்பா,

இன்று காலை செவிலிமேடு பஸ் நிறுத்தத்தில் மைதாப் பசை வாசனை அடித்தது. திரும்பினால் சுவரில் ஈரம் காயாத போஸ்டர். உங்கள் தலைவருக்குப் பிறந்தநாள் வாழ்த்து. அவர் அரசியலை விட்டு ஒதுங்கி இத்தனை வருடமாகியும் யாரோ ஒட்டுகிறார்கள். நீங்கள் இருந்திருந்தால் எதிர்வீட்டு மாமாவை இழுத்துவந்து காட்டியிருப்பீர்கள்.

மாமா எதிர்க்கட்சி. அவருடைய தலைவரும் ஓய்வு பெற்றவர்தான். தறியை விட்டு எழுந்ததும் டீக்கடையில் உங்கள் இருவருக்கும் இதே வழக்கு.

"எங்காளு வூட்லயே குந்திக்கினு இருந்தாலும் அவரக் கேக்காம ஒருத்தனுக்கும் சீட்டு கெடைக்காது. உங்காளப் போய் யாருபா பாக்கறான்?" என்பார் மாமா.

"உங்காளுகிட்ட சீட்டுக்குப் போறான். எங்காளுகிட்ட பேரு வெக்கச் சொல்லி கொழந்தயத் தூக்கிக்கினு போறான். எதுபா பெருசு?" என்பீர்கள்.

எம்.ஏ. கடைசி வருடம் ஏனாத்தூர் பல்கலைக்கழகத்தில் அந்த வழக்கையே ஆய்வுத் தலைப்பாக எடுத்துக்கொண்டேன்: ஓய்வு பெற்ற இரு கட்சித் தலைவர்களின் நீடித்த செல்வாக்கு. தொண்டர்களைப் பேட்டி எடுக்க வேண்டும். முதலில் நீங்கள்தான். சலவைச் சட்டையைப் போட்டுக்கொண்டு என் போனுக்கு முன்னால் வந்து உட்கார்ந்தீர்கள். ஆய்வில் உங்களைத் 'தொண்டர் 1' என்று எழுதினேன். பெயரை மறைப்பது முறைதான். ஆனால் நான் மறைத்தது என்னை.

அதை வகுப்பில் வாசித்த அன்று, நான் கூப்பிடாமலேயே வந்து கடைசி வரிசையில் இருந்தீர்கள், கட்சிக் கரை வேட்டியில். பார்த்ததுமே எனக்கு உடம்பு கூசியது. 'குருட்டு விசுவாசம்' என்ற தலைப்பின் கீழ் நீங்கள் சொன்னதை, நீங்கள் சொன்ன மாதிரியே வாசித்தேன்:

"கொழந்த பொறந்து பத்து மாசம் பேரே வெக்கல. தலைவர் வந்துதான் வெக்கணும்னு காத்துக்கினு இருந்தோம். அதுவரிக்கும் பாப்பா, பாப்பான்னே கூப்டுக்கினு..."

வகுப்பே சிரித்தது. பேராசிரியரும் சிரித்தபடி கேட்டார்: "கடைசியில அந்தக் குழந்தைக்கு என்ன பேர் வெச்சாங்க?"

"அத நான் கேக்கல சார்."

அந்தக் குழந்தை நான்தான். நிமிர்ந்து பார்த்தேன். மற்றவர்களோடு சேர்ந்து நீங்களும் சிரித்துக்கொண்டிருந்தீர்கள்.

திரும்பும் பஸ்ஸில் ஜன்னல் பக்கத்தை எனக்கு விட்டீர்கள். டிக்கெட் எடுத்துவிட்டு, "நல்லா பேசினம்மா. அது நாந்தான்னு யாருக்கும் தெரிஞ்சிருக்காதுல்ல?" என்றீர்கள். எனக்காகக் கேட்டீர்களா, உங்களுக்காகவா, இன்றுவரை தெரியவில்லை. "தெரியாதுப்பா" என்றேன்.

அதன் பிறகு டீக்கடையில் நீங்கள் தலைவர் பேச்சையே எடுக்கவில்லையாம். "இன்னாபா, உங்க தலைவருக்கு வக்கீலே இல்லாம பூட்டுது?" என்று மாமா சீண்டிப் பார்த்தார். டீயைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிட்டீர்களாம். நீங்கள் போன அன்று, தன் கட்சிக்காரர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, உங்கள் கட்சிக் கொடியைத் தேடி வாங்கிவந்து உங்கள் மேல் போர்த்தியவர் அவர்தான். பெற்ற மகள் எனக்கு அது தோன்றவில்லை.

ஆய்வுக்கு வகுப்பிலேயே முதல் மதிப்பெண். உங்கள் தலைவரின் செல்வாக்கு அவருடைய ஓய்வோடு முடிந்துவிட்டது என்று முடிவுரையில் எழுதியிருக்கிறேன். அட்டையில் என் பெயர். அவர் வைத்த பெயர்.

போன வாரம் அலுவலகத்தில் ஓர் அக்கா, "பேரு அழகா இருக்கே, யாரு வெச்சது?" என்று கேட்டார். "எங்கப்பா" என்றேன். அடுத்து என்ன கேட்பாரோ, எப்படிச் சிரிப்பாரோ என்று பயந்து, நீங்கள் காத்திருந்த பத்து மாதத்தை மறுபடியும் விழுங்கிவிட்டேன் அப்பா.