மணி ஏழு

மே 5, திங்கள்
கத்தாழை நார் ஆலையில் நான் அதிர்வு சென்சார் மாட்டி ஒரு வாரம். என் மாணவி ஸைத்தூனி அங்கே பயிற்சிக்குப் போயும் ஒரு வாரம். எங்கள் தொழிற்பள்ளியின் புதுப் படிப்பிலிருந்து போன முதல் ஆள். தேறினால் அங்கேயே வேலை. இல்லையென்றால் வீடு. வெள்ளிக்கிழமை நான் கொடுக்கும் அறிக்கைதான் தீர்மானிக்கும்.

மே 6, செவ்வாய்
பொருந்தவில்லை! நார் சீவும் மெஷின் அதிர்கிறது என்று டேப்லெட்டில் அவள் பதிந்த நேரம் 7. ஏழு மணிக்கு சென்சார் கோடு செத்த பாம்பு மாதிரிக் கிடக்கிறது. எகிறுவது 13 மணிக்கு. பார்க்காமலே எழுதுகிறாளா?

மே 7, புதன்
கேட்டேவிட்டேன். "மெஷின் பக்கம் போனியா, உக்காந்த எடத்துலயே எழுதுனியா?"

"கைய வெச்சுப் பாத்துட்டுத்தான் எழுதுனேன், வாத்தியாரே. உங்க டப்பாதான் தூங்கிருக்கும்."

டப்பாவா? கழற்றிச் சோதித்தேன். பழுதில்லை. ஆத்திரத்தில் அறிக்கையை எழுதினேன்: 'நம்பகமில்லை.' அனுப்பவில்லை. ஒன்று உறுத்துகிறது. பொய் எழுதுகிறவள் எதற்குத் தினமும் வேறு வேறு நேரம் போடுகிறாள்?

மே 8, வியாழன்
நேரில் போனேன். ஸைத்தூனி காலையில் எப்போது வருவாள் என்று வாயில்காவலர் கிஹியோவிடம் கேட்டேன்.

"டாண்ணு மணி ரெண்டுக்கு வந்துரும்."

அவள் வேலை தொடங்குவது காலை எட்டு. அவர் வாயில் அது மணி இரண்டு.

அடச்சே! விடிந்ததிலிருந்து மணி எண்ணுகிற ஊர் இது. காலை ஏழுதான் எங்களுக்கு மணி ஒன்று. பகல் ஒன்று, மணி ஏழு. வாயால் சொல்கிற ஏழை அப்படியே பதிந்திருக்கிறாள். பேருந்துக்கும் மந்தாசிப் பலகாரக் கடைக்கும் நானும் அப்படித்தான் சொல்கிறேன். திரையைப் பார்த்ததும் புத்தி மாறிவிட்டது. படிவம் செய்தது யார்? நான். 'நேரம்' என்று ஒரு பெட்டி, அவ்வளவுதான்.

அவள் போட்ட ஒவ்வொரு நேரத்தோடும் ஆறைக் கூட்டினேன். பதினான்கு பதிவில் பன்னிரண்டு சென்சாரோடு பொருந்தின. மீதி இரண்டு? ஸைத்தூனியிடமே கேட்டேன்.

"அது பெல்ட் பக்கத்துச் சத்தம். உங்க டப்பா மோட்டார் பக்கம்ல காத வெச்சிருக்கு!"

நேற்றுப் பேசியது தப்பு என்றேன்.

"எந்த நேத்து? உங்க நேத்தா, எங்க நேத்தா?" — சிரிக்கிறாள். கொஞ்ச நேரம் கழித்து, "பயந்துட்டேன் வாத்தியாரே" என்றாள்.

மே 9, வெள்ளி
பழைய அறிக்கை குப்பைக்கு; புதிதில் 'தேறினாள்' என்று எழுதினேன். சென்சாரை பெல்ட் பக்கம் மாற்றினோம். பதினொரு மணிக்குக் கோடு எகிறியது. மேலாளர் ஷேகிலிந்தி எட்டிப் பார்த்தார். "பேரிங் போகுதா? யாரு புடிச்சது?"

அவளைக் காட்டினேன். "இந்த டப்பாவுக்கு முன்னாடியே."

மே 12, திங்கள்
படிவத்தில் கடிகாரப் படம் வைத்தேன். முள் நிற்கிற இடத்தைத் தொட்டால் போதும், எண் எழுத வேண்டாம்.

மே 26, திங்கள்
ஸைத்தூனியின் செய்தி: "ஆலையில எல்லாருக்கும் சென்சார் பாடம். நான்தான் எடுக்கணுமாம். நாளைக்குக் காலைல மணி மூணு. நம்ம மூணு, வாத்தியாரே. லேட்டா வந்தா கடைசி பெஞ்சு."

எட்டரைக்கே போய்விட வேண்டும்.