ஹீனாவின் இடது கை

ஹீனாவின் அத்தாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

இந்த அகால நேரத்தில் அவசரமாக எழுதுவதற்கு மன்னியுங்கள். இப்போதுதான் வேலை முடிந்து அறைக்கு வந்தேன். உங்கள் முதுகுவலி தேவலையா? நம் மகள் ஹீனாவுக்குச் சளி விட்டதா? நான் நலம்.

இங்கே துபாயில் கோல்ஃப் பழக வரும் குழந்தைகளுக்கு மட்டை எடுத்துக் கொடுக்கிறேன் அல்லவா? நேற்று ஒரு தமிழ்ச் சிறுமி இடது கை மட்டையைக் கேட்டாள். "சோத்தாங்கையில ஆடு கண்ணு" என்று நான் மாற்றிக் கொடுத்துவிட்டேன். ஒரு பந்தும் படாமல் அவள் அழுதுவிட்டாள். பயிற்சியாளர் குரு ஓசூர்க்காரர். "ஏம்மா, அவ கைய நீ ஏன் மாத்தற? அவளுக்கு வர்ற வீச்சுலயே வுடு. பழகப் பழகப் பந்து தானா நேராப் போவும்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்துவைத்தேன். வேலைக்கு ஒன்றும் ஆகாது, பயப்படாதீர்கள்.

போன வாரம் வீடியோவில், ஹீனாவின் இடது கையில் சாக்ஸ் மாட்டி முடிச்சுப் போட்டிருந்தீர்கள். "பாத்தியா, சோத்தாங்கையில எழுதறா" என்று சந்தோஷமாகக் காட்டினீர்கள். அவள் என்னைப் பார்க்கவே இல்லை. முன்பெல்லாம் எனக்கு அந்தக் கையைத்தான் ஆட்டுவாள். நேற்று அந்தச் சிறுமி அழுதபோது அதுதான் எனக்கு நினைவுக்கு வந்தது.

சாப்பிடுவது வலது கையிலேயே இருக்கட்டும். எழுதுவதற்காவது முடிச்சை அவிழ்த்துவிடுங்கள். போனில் சொன்னால் அழுதுவிடுவேன், அதனால் ஊருக்கு வரும் என் அறைத்தோழி அன்ஜுமிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு க்ரேயான் பெட்டி வாங்கிக் கொடுங்கள். அவிழ்த்துவிட்டீர்களா என்று சீக்கிரம் பதில் போடுங்கள்.

வஹிதா